பெயர் சுட்டா மரபும் பேராக்கின் பதிவேடுகளும்

அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. காதலனும் காதலியும் யாவரோ இருவராகவே பாட்டில் நிற்பர். அவர்தம் பெயரையும் ஊரையும் புலவர் அறிந்திருப்பினும் அவற்றை வெளியிடார். பெயர் வெளிப்பட்டவிடத்து அப்பாட்டு அகம் என்னும் நிலையினின்று நீங்கிப் புறமாகிவிடும். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் தலைவன் பெயர் யாண்டும் இல்லை. ஆயினும் பாசறைக் காட்சியில் வேலின் தலையில் வேம்பு சூட்டப்பட்டிருப்பதாக ஒரு குறிப்பு வருகின்றது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. ஆகவே தலைவன் இன்னான் என்பது விளங்கிவிட்டது என்றும், அதனால் அப்பாட்டுப் புறமாயிற்று என்றும் நச்சினார்க்கினியர் கொண்டார். அதனை அகமென்றே கொள்வாரும் உளர்.

இவ்விலக்கியச் செய்தி இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. பிறர் அறிய வேண்டாத ஒரு பகுதி மனித வாழ்வில் உண்டு என்பது ஒன்று. பெயரை மறைத்தாலும் ஓர் அடையாளம் போதும், ஆள் வெளிப்பட்டுவிடுவான் என்பது மற்றொன்று. இக்காலச் சட்ட நூலார் தனியுரிமை என்றும் தனிநபர் தரவு என்றும் பேசுவன யாவும் இவ்விரண்டனுள் அடங்கும். பேராக் மாநிலத்துத் தமிழர் கடந்த நூற்றாண்டில் எத்தனை பதிவேடுகளில் எழுதப்பட்டனர், அப்பதிவுகள் அவர்க்கு என்ன செய்தன என்பதை இவ்விரு உண்மைகளையும் மனத்திற்கொண்டு ஆராய்வது, கைப்பேசியே பதிவேடாகிவிட்ட இந்நாளில் பயனுடையதாகும்.

செக்ரோல்

தோட்டத் தமிழரின் நாள் பெரட்டுக் களத்தில் தொடங்கியது. பொழுது புலருமுன் ஆண்களும் பெண்களும் வரிசையில் நிற்பர். கிராணி பெயர் அழைப்பார். வந்தவர்க்கு ஒரு குறி, வாராதவர்க்கு ஒரு குறி. இக்குறிகள் ஏறிய ஏட்டினைத் தோட்ட மக்கள் செக்ரோல் என்றனர். மாத முடிவில் சம்பளம் அதனைக் கொண்டே கணக்கிடப்பட்டது. ஏட்டில் எழுதப்பட்ட மக்களிற் பெரும்பாலார் அதனைப் படிக்க அறியாதவர்.

அவ்வேட்டின் பயன் சம்பளத்தோடு முடிந்துவிடவில்லை. 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தமிழகத்திலிருந்து தொழிலாளரைக் கொண்டுவரும் செலவுக்காகத் தோட்ட முதலாளிமார் தத்தம் தோட்டத்தில் நடந்த வேலைக்கேற்ப அதற்குத் தொகை செலுத்தினர். கங்காணிக்கோ, தன் கூட்டத்தில் அன்றாடம் வேலைக்கு வந்த ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்துத் தலைக்காசு கிடைத்தது. ஒருவன் களத்தில் நின்றான் என்னும் செய்தி மற்றொருவனுக்கு வருமானமாயிற்று. செய்திக்கு உரியவன் அதனை அறிந்தானில்லை. அறிந்தாலும் மறுக்கும் நிலையில் இருந்தானில்லை.

இதனினும் கொடிய முறை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நிலவியது. தொழிலாளியின் கடன் தொகையைக் குறித்த சீட்டு ஒன்று அங்கே வழங்கிற்று. அதனைத் துண்டு என்றனர். கடனை ஏற்கும் தோட்டத்திற்கே ஆள் செல்ல முடியும். சீட்டு கை மாற, ஆளும் தோட்டம் மாறினான். 1921ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் நீக்கப்பட்டது. ஒரு மனிதனைப் பற்றிய எழுத்து, அம்மனிதனைக் காட்டிலும் வலிமையுடையதாகலாம் என்பதற்கு அத்துண்டுச் சீட்டே தக்க சான்று.

அவசரகாலத்து அட்டை

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் மூவர் கொல்லப்பட்டனர். முதற்கண் பேராக், ஜொகூர் மாநிலங்களின் பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, இரண்டு நாட்களில் அது நாடு முழுமைக்கும் விரிந்தது. அவ்வாண்டிலேயே தேசியப் பதிவு தொடங்கியது. பன்னிரண்டு வயது நிரம்பியோர் யாவரும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை பெறுதல் வேண்டும் என விதிக்கப்பட்டது. இன்றைய மலேசியரின் பணப்பையில் உள்ள அட்டை காட்டுப் போரின் கருவியாகவே பிறந்தது என்பது ஈண்டு நினைவில் வைக்கத்தக்கது. கெரில்லாப் படையினர் மக்களின் அட்டைகளைப் பறித்ததும் கிழித்ததும் இதனாலேயே. அட்டை உடையவனை அரசு அறியும். அட்டை இல்லாதவனை ஐயுறும்.

1950ஆம் ஆண்டில் பிரிக்ஸ் திட்டம் வகுக்கப்பட்டது. காட்டோரங்களில் வாழ்ந்தோரிற் சுமார் 5 இலட்சம் பேர் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளரின் லயங்களும் ஒருங்கே கூட்டப்பட்டு முள்வேலி சூழப்பெற்றன. வாயிலில் சோதனை, ஊரடங்கு வேளை, அளவு அரிசி. பால்மரம் சீவச் செல்வோர் உணவு எடுத்துச் செல்லவும் தடை இருந்தது. ஒருவர் என்ன உண்டார், எவ்வளவு அரிசி வாங்கினார், எப்போது வெளியேறினார் என்பனவெல்லாம் அரசு அறிய வேண்டிய செய்திகளாயின. போர்க்காலத்தில் நாட்டைக் காக்க இவை தேவையாயின என அரசு கருதியது. வேலிக்குள் இருந்தோர் தம் இல்வாழ்வின் மறைவிடம் ஒன்றும் எஞ்சவில்லை எனக் கருதியிருப்பின் அதிலும் தவறில்லை.

தஞ்சோங் மாலிம் பெட்டிகள்

பேராக்கின் தென்கோடியில் உள்ள தஞ்சோங் மாலிம், 1922ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியால் ஆசிரியருலகம் நன்கறிந்த ஊர். 1952ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அதன் அருகே, வெட்டப்பட்ட குடிநீர்க் குழாயைச் சீர்செய்யச் சென்ற குழு தாக்குதலுக்கு உள்ளாகியது. துணை மாவட்ட அதிகாரி மைக்கேல் காட்னர் உட்படப் பன்னிருவர் மாண்டனர். அப்பொழுதுதான் பதவியேற்றிருந்த உயர் ஆணையர் சர் ஜெரால்டு டெம்ப்ளர் அவ்வூருக்கு வந்து, நாளொன்றுக்கு 22 மணிநேர ஊரடங்கு விதித்தார். அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். பின்னர் வீடுதோறும் வினாத்தாள் வழங்கப்பட்டது. கெரில்லாக்களுக்கு உதவுவோர் யாவர் என்பதை எழுதலாம். எழுதுவோர் தம் பெயரைக் குறிக்க வேண்டியதில்லை. தாள்கள் பூட்டிய பெட்டிகளில் சேர்க்கப்பட்டுக் கோலாலம்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஊர்ப் பிரதிநிதிகளின் கண்முன்னே அவை திறக்கப்பட்டன. அவற்றில் கண்ட செய்திகளைக் கொண்டு கைது நடவடிக்கைகளும் நிகழ்ந்தன.

இந்நிகழ்ச்சி இரு பாடங்களைத் தருகின்றது. கடுமையாக ஆண்டவரும், பெயர் மறைக்கப்பட்டாலன்றி மக்கள் வாய் திறவார் என்பதை அறிந்திருந்தனர். பெட்டியைப் பூட்டியதும் பிரதிநிதிகள்முன் திறந்ததும் அந்நம்பிக்கையைப் பெறுதற்கே. இது முதற்பாடம். அடுத்தது, அம்மக்கள் பசியோடு வீட்டில் அடைக்கப்பட்டிருந்தனர் என்பது. வேறு வழியில்லாதவனிடம் பெறும் இசைவு இசைவாகுமா என்னும் வினா அப்பெட்டிகளோடு பிறந்தது. அது இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஏட்டில் இல்லாதவர்

பதிவேடு தீங்கே தரும் என்று முடிவுகட்டுதலும் பொருந்தாது. ஏட்டில் எழுதப்பட்டமையால் வந்த துன்பம் ஒன்றெனில், எழுதப்படாமையால் வந்த துன்பம் பத்தாகும். விடுதலைக்குப் பின்னர்க் குடியுரிமைச் சான்று பெறாது போன தோட்ட மக்கள் சிவப்பு அட்டையோடு நின்றனர். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடிமகன் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு பெற வேண்டியதாயிற்று. பலர் பிறந்த மண்ணையோ உழைத்த மண்ணையோ விட்டுக் கப்பலேறினர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் கலைந்தபோது பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளும் நகரை நோக்கிப் பெயர்ந்தனர். இந்திய சமுதாயத்தில் ஆவணமில்லாதோரைப் பதிவதற்காக 2011ஆம் ஆண்டில் மைடஃப்தார் என்னும் இயக்கம் நடத்தப்பட வேண்டியிருந்தது என்பதே இக்குறை எத்துணைக் காலம் நீடித்தது என்பதைக் காட்டும்.

எனவே தோட்டத் தமிழர் கேட்டது பதிவேடு வேண்டாம் என்பதன்று. தம்மைப் பற்றிய பதிவு சரியாக இருத்தல் வேண்டும்; அது எதற்கென்று தமக்குத் தெரிதல் வேண்டும்; எழுதியவரே அதனைத் தமக்கெதிராகத் திருப்புதல் கூடாது. இம்மூன்றுமே அவர்தம் வேண்டுகோள்.

பன்னிரண்டு இலக்கம்

1990ஆம் ஆண்டு முதல் அடையாள அட்டை எண் 12 இலக்கங்களாக அமைந்தது. 2001ஆம் ஆண்டில் நுண்சில்லு பொருத்திய மைகார்டு வந்தது. அவ்வெண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளைக் குறிக்கும். அடுத்த இரண்டு பிறந்த இடத்தைக் குறிக்கும். பேராக்கின் குறி 08. கடைசி இலக்கம் ஒற்றையாயின் ஆண், இரட்டையாயின் பெண். பெயர் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னாலும் வயது, பிறப்பிடம், பால் ஆகிய மூன்றும் வெளிப்பட்டுவிடும். நெடுநல்வாடை வேலின் வேம்பைப் போன்றதே அவ்வெண். கடைச் சீட்டிலும் குலுக்குப் பரிசுத் தாளிலும் தயக்கமின்றி அதனை எழுதித் தருவோர் இச்செய்தியை எண்ணிப் பார்ப்பதில்லை.

2017ஆம் ஆண்டில் 4 கோடியே 62 இலட்சம் மலேசியக் கைப்பேசி எண்கள், உடையவர் விவரங்களோடு கசிந்த செய்தி வெளியாயிற்று. நாட்டின் மக்கள்தொகையினும் மிக்க எண்ணிக்கை அது. செக்ரோல் ஏடு களவு போயிருப்பின் ஒரு தோட்டத்துக்கே கேடு. மின்னணு ஏடு களவு போயின், ஊர் பேதமின்றி நாட்டுக்கே கேடு.

வானொலியும் வலையொலியும்

1946ஆம் ஆண்டில் ரேடியோ மலாயா தொடங்கியது. தமிழ் ஒலிபரப்பும் அதில் இடம்பெற்றது. அவசரகாலத்தில் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பலரும் கூடிக் கேட்கும் வானொலிப் பெட்டிகளை அரசாங்கமே வைத்தது. அதன் நோக்கம் பிரசாரம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மாலைப் பாட்டும் நாடகமும் மக்கள் உள்ளத்தைத் தொட்டன. பிற்காலத்தில் வீட்டிற்கொரு பெட்டி வந்தபோது அதற்கு உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. உரிமத்தில் உடையவர் பெயரும் முகவரியும் இருக்கும். அவர் எதனைக் கேட்டார், எதனைக் கேளாது மூடினார் என்பது எந்த ஏட்டிலும் இராது. கேட்பவரை அண்டை வீட்டார் அறிவர். ஒலிபரப்பிய நிலையம் அறியாது.

இன்று நிலைமை தலைகீழாயிற்று. வலையொலியைக் குறிக்கும் பாட்காஸ்ட் என்னும் ஆங்கிலச் சொல் 2004ஆம் ஆண்டில் பென் ஹேமர்ஸ்லி என்னும் பத்திரிகையாளரின் கட்டுரையில் தோன்றியது. 2005ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் அதற்கு இடமளித்தது. ஈப்போவின் புந்தோங்கில் வாழும் முன்னாள் தோட்டத்தார் ஒருவர், செவிக்கருவியை மாட்டிக்கொண்டு தமிழ்ச் சொற்பொழிவு கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அருகிலிருக்கும் மனைவிக்கும் அவர் கேட்பது எது எனத் தெரியாது. ஆனால் தொலைவிலுள்ள கணினிக்குத் தெரியும்.

அது தெரியும் முறையைச் சுருக்கமாக அறிதல் நலம். வலையொலி தொடக்கத்தில் ஆர்.எஸ்.எஸ். என்னும் திறந்த முறையில் அமைந்தது. கேட்பவரின் செயலி ஒலிக்கோப்பைக் கேட்டு வேண்டும். வழங்கும் கணினி அதனை அனுப்பும். அப்போது வேண்டியவரின் இணைய முகவரி, கருவியின் வகை, நேரம் ஆகியவை அக்கணினியின் குறிப்பேட்டில் ஏறும். கோப்பு இறங்கிற்று என்பது தெரியுமேயன்றி, அது கேட்கப்பட்டதா என்பது தெரியாது. இது பழைய வானொலிக்கு ஓரளவு நெருங்கிய நிலை. விளம்பரதாரர் வந்த பின்னர் நிலை மாறிற்று. ஒலிக்கோப்புக்குச் செல்லும் வழியில் எண்ணிப் பார்க்கும் இடைக் கணினிகள் வைக்கப்பட்டன. இணைய முகவரியைக் கொண்டு இடத்தை ஏறத்தாழக் கணித்து, அதற்கேற்ற விளம்பரத்தை நிகழ்ச்சியின் நடுவே பொருத்தும் முறையும் வந்தது.

கணக்குத் தொடங்கிக் கேட்கும் பெருஞ்செயலிகள் இன்னும் ஆழச் செல்கின்றன. எந்த நிகழ்ச்சி, எந்த நொடியில் நிறுத்தப்பட்டது, எந்தப் பகுதி தாண்டப்பட்டது, இரவு எத்தனை மணி என்பன பெயரோடும் மின்னஞ்சலோடும் சேர்ந்து பதிகின்றன. அடுத்து எதனைப் பரிந்துரைக்கலாம் என அறிதற்கு அவை உதவுகின்றன. விளம்பர வருமானத்துக்கும் உதவுகின்றன. களத்தில் நின்ற ஆளைக் கணக்கிட்டுத் தலைக்காசு பெற்ற பழைய முறை இங்கே மறுபிறப்பு எடுத்துள்ளது எனின் மிகையன்று. எனினும் எல்லாச் செயலியும் ஒன்றல்ல. கணக்கே கேளாமல், கேட்ட வரலாற்றைக் கைப்பேசிக்குள்ளேயே வைக்கும் ஆண்டெனாபாட் போன்ற செயலிகளும் உள. ஆகவே மிகுதியாகத் திரட்டுதல் வலையொலியின் இயல்பன்று. அது நடத்துவோரின் தேர்வு.

இதனால் வரும் கேடு யாது என வினவலாம். நீரிழிவு பற்றிய நிகழ்ச்சியை நாள்தோறும் கேட்பவர் தம் நோயைச் சொல்லாமற் சொல்கிறார். குடியை விடும் வழி பற்றிக் கேட்பவரும், கடன் தீர்க்கும் வழி பற்றிக் கேட்பவரும், ஒரு கட்சியின் அல்லது ஒரு சமயத்தின் உரைகளையே கேட்பவரும் அவ்வாறே. பெயர் இல்லாவிடினும் இடமும் நேரமும் கருவியும் விருப்பமும் ஒன்றுகூடின் ஆள் வெளிப்படுவான். வேம்பு ஒன்றே பாண்டியனைக் காட்டியது. இங்கோ நூறு வேம்புகள் இருக்கின்றன.

சட்டமும் மொழியும்

மலேசிய நாடாளுமன்றம் 2010ஆம் ஆண்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 2013ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் அது நடப்புக்கு வந்தது. அறிவித்தல், வெளியிடாமை, பாதுகாத்தல், தேவைக்கு மேல் வைத்திராமை, தரவு செம்மை, உடையவர் பார்வையிடுதல் உள்ளிட்ட ஏழு கோட்பாடுகள் அதில் உள்ளன. உடல்நலம், அரசியற் கருத்து, சமய நம்பிக்கை ஆகியவை தனிக்கவனத்துக்குரிய தரவுகளாக வகுக்கப்பட்டன. தன்னைப் பற்றிய பதிவைப் பார்க்கவும், பிழை திருத்தவும், கொடுத்த இசைவைத் திரும்பப் பெறவும் ஒருவர்க்கு உரிமை உண்டு. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கோட்பாட்டை மீறுவோர்க்கான உச்சத் தண்டம் 3 இலட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 இலட்சம் ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. தரவு கசிந்தால் அறிவித்தே ஆதல் வேண்டும் என்னும் விதி 2025ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்தது. தனிமனித விடுதலையுள் தனியுரிமையும் அடங்கும் எனக் கூட்டரசு நீதிமன்றம் சிவராசா இராசையா வழக்கில் 2010ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தது.

இச்சட்டத்தின் எல்லைகளையும் அறிதல் வேண்டும். வணிக நடவடிக்கையையே அது கட்டுப்படுத்தும். கூட்டரசு அரசாங்கத்தையும் மாநில அரசாங்கங்களையும் அது கட்டுப்படுத்தாது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு அது பொருந்துமா என்பது, அந்நிறுவனம் மலேசியாவில் நிலைகொண்டதா, இங்குள்ள கருவியைக் கொண்டு தரவைக் கையாள்கிறதா என்பதைப் பொறுத்தது.

தமிழாசிரியர் கருத வேண்டிய எல்லை மற்றொன்று உண்டு. தரவு திரட்டுவோர் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்புத் தருதல் வேண்டும் என்கிறது இச்சட்டம். தமிழில் தர வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னிலக்கத் தரவுச் சட்டமோ, ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ அறிவிப்பைப் படிக்கும் வாய்ப்பு வேண்டும் என எழுதி வைத்துள்ளது. தமிழ் அவ்வட்டவணையில் உள்ளது. தமிழ் நிகழ்ச்சியைத் தமிழில் கேட்கும் பேராக் முதியவர், தமக்குரிய நிபந்தனையை மட்டும் வேற்று மொழியில் ஏற்க வேண்டியிருக்கிறது. செக்ரோலைப் படிக்க இயலாது களத்தில் நின்ற அவர்தம் பாட்டனாரின் நிலைக்கும் இந்நிலைக்கும் தொலைவு மிகுதியன்று.

கற்பிப்போர் கடன்

அறிவிப்பைப் படியாமலே ‘ஏற்கிறேன்’ என்னும் பொத்தானை அழுத்துதல் இன்று வழக்கமாகிவிட்டது. ஏற்காவிடின் செயலி திறவாது என்னும்போது, அவ்விசைவு தஞ்சோங் மாலிம் தாளை நினைவூட்டுகின்றது. ஆனால் இங்கே ஊரடங்கு இல்லை. வேறு செயலியைத் தேர்ந்தெடுக்கலாம். கொடுத்த அனுமதியை நீக்கலாம். ஒலியைக் கேட்பதற்குத் தொடர்பு எண்களும் இருப்பிடமும் எதற்கு எனக் கேட்கலாம். கேட்க வேண்டும் என்று அறிந்தவர்க்கே இவ்வழிகள் பயன்படும். அறியச் செய்வது பள்ளியின் கடன். பதினெட்டு வயது நிரம்பாதார்க்காகப் பெற்றோரோ காப்பாளரோ இசைவு தர வேண்டும் என்று சட்ட விதிகள் கூறுவதால், அக்கடன் மாணவரோடு நில்லாது பெற்றோர் கூட்டம் வரை செல்லும்.

இதனைப் புதுப்பாடமாகக் கொண்டுவர வேண்டியதில்லை. அகத்திணை கற்பிக்கும் வகுப்பிலேயே, பெயர் சுட்டாமைக்கு ஏது யாது என்று வினவலாம். நெடுநல்வாடை பற்றிய உரைவேறுபாட்டைக் காட்டி, ஓர் அடையாளம் எவ்வாறு ஆளைக் காட்டும் என விளக்கலாம். ஒரு செயலியின் நிபந்தனையைத் தமிழில் சுருக்கி எழுதுதலை மொழிபெயர்ப்புப் பயிற்சியாகத் தரலாம். திருவள்ளுவர் ஒற்றாடலைப் பொருட்பாலில் அரசனுக்குரிய கருவியாக வைத்தார். புறங்கூறாமையை அறத்துப்பாலில் ஒவ்வொருவர்க்கும் உரிய ஒழுக்கமாக வைத்தார். அரசனும் அல்லாத, அண்டை வீட்டானும் அல்லாத வணிக நிறுவனம் பிறர் செய்தியைத் திரட்டும்போது அதற்குரிய அறம் யாது என்பதை மாணவர் வாதிடலாம்.

பேராக்கின் இரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பெரட்டுக் களங்கள் மறைந்தன. ஆனால் பெயர் அழைக்கும் குரல் ஓயவில்லை. அது செவிக்குக் கேளாத குரலாகியது, அவ்வளவே. முன்னோர் அக்குரலுக்கு மறுமொழி சொல்லும் உரிமையின்றி நின்றனர். அவர்தம் பேரர்க்குச் சட்டம் அவ்வுரிமையைத் தந்துள்ளது. அவ்வுரிமையைத் தம் மொழியில் அறிந்து, வேண்டுமிடத்து வேண்டுமென்றும் வேண்டாவிடத்து வேண்டாவென்றும் சொல்லக் கற்ற தலைமுறை எழுமாயின், அகத்தை அகமாகவே காத்த தமிழ் மரபு இம்மண்ணிலும் நிலைபெறும்.